கோல்கீப்பர் ஓட வேண்டிய தூரம்

சென்ற ஆண்டுப் போட்டியில் பெண்கள் ஹாக்கி அணி முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது. ஏன் தோற்றது என்று கண்டுபிடிக்க சம்மேளனம் ஒரு குழு அமைத்தது. குழு நேர்மையாகத்தான் விசாரித்தது. டிக்கெட் தாமதமாகப் போட்டதால் வீராங்கனைகள் மூன்று விமானம் மாறிப் போனது, நடுவில் ஒரு விமான நிலையத்துத் தரையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தது, இறங்கிய அன்று மாலையே ஆடியது, எல்லாம் அறிக்கையில் இருந்தன. முடிவுதான் வேறு மாதிரி வந்தது. தரையில் படுத்து எழுந்து ஆடும் அளவுக்கு வீராங்கனைகளின் உடம்பில் வலு இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

இந்தக் குறையைப் போக்க உடல்திறன் இயக்ககம் என்ற ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு இயக்குநராக வந்தவர் அதுவரை குளிர்பதனக் கிடங்குகளை நிர்வகித்தவர். அவர் காலத்தில் கிடங்கில் ஒரு பொருளும் கெட்டுப்போகவில்லை என்று நல்ல பெயர் உண்டு. ஒரு பொருளும் வெளியே போகவில்லை என்பதையும் சிலர் சொன்னார்கள். ஆனால் அது அவர் பொறுப்பில் வராத விஷயம்.

அணியின் கோல்கீப்பரை எல்லாரும் கதவு என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரி நாட்களில் எதிரணிப் பெண் ஒருத்தி, எந்தப் பக்கம் போனாலும் சாத்தியே இருக்கிறதே என்று எரிச்சலில் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது முப்பதைத் தாண்டியாயிற்று. வீட்டில் கணவரும் ஒரு சின்னப் பெண்ணும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கதவுக்கு அகலமான உடம்பு. ஓடுவதென்றால் பிடிக்காது. ஓடுவது மற்ற பத்துப் பேர் வேலை, அவர்கள் எல்லாரும் ஓடித் தோற்ற பிறகு மிச்சமிருக்கும் வேலைதான் தன்னுடையது என்று நினைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அதில் யாரும் குறை கண்டதில்லை.

இயக்குநர் பொறுப்பேற்றதும் மைதானத்துக்கு வரவில்லை. ஜிம்முக்கு வந்தார். வீராங்கனைகளை வரிசையாக உட்காரவைத்து, எடைத்தட்டுகள் அடுக்கிய சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

"ஹாக்கியில எதெல்லாம் நம்ம கட்டுப்பாட்டுல இல்லைன்னு யோசிச்சுப் பாத்தேன். பந்து, எதிரணி, அம்பயர், மழை. இது நாலும் நம்ம பேச்சைக் கேக்காது. நம்ம பேச்சைக் கேக்கிறது உங்க உடம்பு மட்டும்தான். அதனால இனிமே அதை மட்டும் பாப்போம். இதோ, இந்த பார்பெல்லைப் பாருங்க. வச்ச இடத்துல இருக்கு. பந்து இருக்குமா?"

பின்னால் நின்றிருந்த கோச், மைதானத்துப் பயிற்சி எப்போது என்று கேட்டார். அவர் ஒரு காலத்தில் இதே அணியின் கேப்டனாக இருந்தவர். தலை நரைத்தும் குரல் குறையாதவர். இயக்குநர் அவரைக் கனிவோடு பார்த்து, அதற்கும் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். மறுநாள் கோச்சின் பதவி 'பந்துப் பிரிவு ஆலோசகர்' என்று மாறியது. பந்து வைக்கும் அறையின் சாவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போனது. பந்து வேண்டுமென்றால் முந்தைய நாளே காரணத்தோடு எழுதிக் கேட்க வேண்டும். கோச் காரணம் என்ற இடத்தில் 'ஹாக்கி' என்று எழுதி அனுப்பினார். காரணம் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது.

வீராங்கனைகளுக்கு ஆளுக்கொரு பெல்ட் கொடுத்தார்கள். நெஞ்சில் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். காலையில் ஜிம் வாசலில் உள்ள திரையில் அவரவர் படத்துக்குப் பக்கத்தில் பச்சை அல்லது சிவப்பு விளக்கு எரியும். பச்சை என்றால் அன்று எடை கூட்டுவார்கள். சிவப்பு என்றால் ஏன் சிவப்பு என்று விளக்கம் கேட்டுவிட்டு எடை கூட்டுவார்கள். சாப்பாட்டை நிறுத்துத் தட்டில் போட்டார்கள். சிரிப்பு மூச்சைச் சிதறடிக்கிறது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்து யாரும் சிரிக்காததால் அது உடனே அமலுக்கு வந்துவிட்டது.

இன்னொரு சுற்றறிக்கை 'வலி' என்ற சொல்லைத் தடை செய்தது. வலி என்று சொன்னால் மனம் சோர்ந்துவிடும். உடம்பு நமக்குத் தருவது தகவல்தான். ஆகவே இனி எல்லாரும் தகவல் என்றே சொல்ல வேண்டும். முதல் சில நாட்கள் பெண்கள் குளியலறையில் இதை வைத்துக் கிண்டலடித்தார்கள். பிறகு பழகிவிட்டது. இடுப்புல லேசா தகவல் இருக்கு, முதுகுல நேத்துலேர்ந்து தகவல் என்று சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்கள்.

நடுக்களத்தில் ஆடும் ஒரு பெண்ணுக்குப் பம்பரம் என்று பெயர். பந்தோடு ஒரே இடத்தில் சுழன்று இரண்டு பேரை ஏமாற்றிவிடுவாள். அவள் ஒரு காலை கதவிடம் வந்து, பின்தொடையில் நிறையத் தகவல் வருகிறது, எடை இழுக்கப் பயமாக இருக்கிறது என்றாள். கதவு அவளை டிரெய்னரிடம் கூட்டிப்போனாள். டிரெய்னர் சின்ன வயசு, முறையாகப் படித்தவன். தொடையை அழுத்திப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. இன்றைக்கு வேண்டாம் என்று மெல்லச் சொன்னான்.

ஆனால் அன்று விருந்தினர்கள் வந்திருந்தார்கள். இரும்புத் தட்டுகள் ஏற்றிய சறுக்கு வண்டியை இடுப்பில் கட்டி இழுக்கும் பயிற்சியைக் காட்ட இயக்குநர் அவர்களை அழைத்து வந்திருந்தார். பம்பரம் தயங்கி நிற்பதைப் பார்த்து டிரெய்னரிடம் விஷயம் கேட்டார். டிரெய்னர் சொன்னான். இயக்குநர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"பச்சை காட்டுதே தம்பி. மெஷின் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. நான் யாரை நம்புறது?"

டிரெய்னர் வாயைத் திறந்தான். விருந்தினர்களைப் பார்த்தான். மூடிக்கொண்டான். பம்பரம் வாரைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். வண்டி பாதி தூரம் போயிருக்கும். துணி கிழிவது போல் ஒரு சத்தம் கேட்டதாகக் கதவு பிறகு சொன்னாள். பம்பரம் முன்னால் விழுந்தாள். ஓடிப்போய்த் தலையைத் தூக்கிய கதவின் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "அக்கா, ரொம்பத் தகவல் வருதுக்கா" என்றாள்.

விருந்தினர்களில் ஒருவர் அதைக் கேட்டு, பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள் என்று இயக்குநரிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து டிரெய்னர் கதவோடு பஸ்ஸில் திரும்பினான். பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போதுதான் கதவிடம் மனம்விட்டுப் பேசினான். தான் படித்தது இது இல்லை; கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், ஓய்வு கொடுக்க வேண்டும், ஜிம்மில் செய்வதெல்லாம் மைதானத்துக்காகத்தான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேனே என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கதவுக்கு அவன்மேல் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரமே அவள் முறை வந்தது.

பீப் டெஸ்ட் என்று ஒன்று. தரையில் இரண்டு கோடு. ஸ்பீக்கரில் பீப் என்று சத்தம் வரும். அடுத்த பீப் வருவதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். போகப்போக பீப் நெருங்கி நெருங்கி வரும். எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. அணியில் எல்லாரும் ஒரே அளவைத் தாண்ட வேண்டும், தாண்டாதவர் சிவப்பு, சிவப்பாக இருப்பவர் போட்டியில் இறங்கக்கூடாது என்று விதி வந்தது. கோல்கீப்பருக்கு இது பொருந்தாது என்று டிரெய்னர் இந்த முறை தைரியமாகவே போய்ச் சொன்னான். இயக்குநர் ஒரே கேள்வி கேட்டார். கோல்கீப்பர் அணியில் இருக்கிறாரா, இல்லையா? இருக்கிறார் என்றான். அப்படியென்றால் எல்லாரும் என்பதில் அவரும் வருகிறார் என்று பேச்சை முடித்துவிட்டார்.

கதவு பாதியிலேயே நின்றுவிட்டாள். மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்திருந்தபோது திரையில் அவள் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு ஏறியது. மாற்று கோல்கீப்பராக இருந்த பெண் எல்லாரையும் விடக் கூடுதலாக ஓடினாள். அவளை முயல் என்பார்கள். ஓட்டப்பந்தயத்திலிருந்து ஹாக்கிக்கு வந்தவள். கால் காற்றாகப் பறக்கும். ஒரே ஒரு சங்கடம், பந்து முகத்துக்கு நேரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அது அவளுக்கே தெரியும். பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு அவள் கதவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

தகுதிப் போட்டிக்கு அதிக நாள் இல்லை. அதில் ஜெயிக்கும் அணிதான் உலகப் போட்டிக்குப் போகும். அடுத்த உலகப் போட்டி வரும்போது தனக்கு வயசு என்ன ஆகும் என்று கதவு எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணாமலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

மாலையில் வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஓடிப் பழகினாள். கணவர் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொடுத்தார். மகள் ஒரு பைக் மேல் உட்கார்ந்துகொண்டு வாயாலேயே பீப் பீப் என்று கத்தினாள். குழந்தைக்கு உற்சாகம் வந்தால் பீப் வேகமாக வரும். கொட்டாவி வந்தால் வரவே வராது.

கணவருக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. "ஏம்மா, பந்து உன்கிட்ட வருமா, நீ பந்துகிட்ட போவியா?"

"அதுதான் வரும்."

"பின்ன எதுக்கு நீ ஓடற?"

"எனக்கென்ன தெரியும்? ஓடணும்னு சொல்றாங்க. ஓடறேன்."

அவர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். பத்தாம் மாடிக்குப் போகிற லிஃப்டைத் தினம் ஒரு தடவை படியேறி வரச் சொல்வது போல் இருக்கிறது என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சுற்றறிக்கை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான் தனக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

இரண்டாம் முறையும் சிவப்பு. மூன்றாம் முறை முன்னைவிடக் கொஞ்சம் தேறினாள், ஆனாலும் சிவப்பு.

இதற்கிடையில் கோச் ஒரு காரியம் செய்தார். ஹாக்கிப் பந்தின் எடையைப் போட்டுப் பார்த்து, 'கையடக்க எடைகள், உருண்டை வடிவம்' என்று எழுதி அனுப்பினார். அன்றே அனுமதி கிடைத்தது. நிறையவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பாராட்டுக் குறிப்பும் கூட வந்தது. ஸ்டிக்குகளை 'நீள எடைகள்' என்று வாங்கினார். அதன் பிறகு விடியற்காலையில் பெண்கள் உருண்டை எடைகளை நீள எடைகளால் தட்டித் தட்டி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஆரம்பத்தில் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தொடையெல்லாம் தூண் மாதிரி ஆகியிருந்தது. பந்தை மெல்லத் தள்ளினாலே எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடியது. பிறகு கைக்குப் பழைய நிதானம் திரும்பியது. கதவும் போய் நின்றாள். தடுத்தாள். சிவப்பு விளக்கு எரியும் ஒருத்தி அத்தனை பந்தையும் தடுப்பதைப் பற்றி யாரும் மேலே தெரிவிக்கவில்லை.

தகுதிப் போட்டி சொந்த ஊர் மைதானத்திலேயே நடந்தது. முயல்தான் கோலில் நின்றாள். கோச் பிடிவாதமாகக் கதவின் பெயரை மாற்று கோல்கீப்பராக எழுதிக்கொடுத்திருந்தார். ஆகவே அவள் சீருடை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காரலாம். எழுந்து நிற்கக்கூடாது. முதல் இரண்டு ஆட்டங்களும் சுமாரான அணிகளோடு, எப்படியோ தேறிவிட்டார்கள். கடைசி ஆட்டம் அப்படி இல்லை.

எதிரணி முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டது. பந்து முயலின் தோளுயரத்தில் வந்தது. அவள் கை சரியான இடத்துக்குத்தான் போனது. தலை மட்டும் வேறு பக்கம் திரும்பியதில் கையும் கூடவே போய்விட்டது. பெஞ்சில் கதவின் கை தானாக உயர்ந்து, வெறுங்காற்றைத் தடுத்து, மடியில் விழுந்தது. இரண்டாம் பாதியில் நம் பெண்கள் ஒரு பெனால்டி கார்னரில் சமன் செய்தார்கள். அதற்கப்புறம் எதிரணி மூச்சுவிட விடவில்லை. அலை அலையாக வந்தார்கள். ஒரு பந்து முயலின் விரல்களில் பட்டுத் தெறித்தது. அவள் கையை உதறிக்கொண்டு நின்றாள். இன்னொன்று நெஞ்சில் பட்டது. இன்னொன்று கம்பத்தில் பட்டது. முடிவு விசில் ஒலித்தபோது ஆளுக்கு ஒரு கோல்.

இனி ஷூட்-அவுட். ஒவ்வொரு அணியிலிருந்தும் ஐந்து பேர், ஒருவர் பின் ஒருவராகத் தனியே பந்தோடு வருவார்கள். எதிரே கோல்கீப்பர் மட்டும். எட்டு வினாடிக்குள் கோல் போட வேண்டும்.

முயல் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கோச்சிடம் வந்தாள். கையுறையை உருவியதும் இரண்டு விரல்கள் வீங்கி நீலமாக இருந்தன. பிரமுகர்கள் பெட்டியிலிருந்து இறங்கி வந்திருந்த இயக்குநர் பக்கத்திலேயே நின்றார்.

"என்னம்மா, கையில தகவலா?" என்று கேட்டார்.

"தகவல் இல்ல சார்," என்றாள் முயல். "வலிக்குது."

பெஞ்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. முயல் கோச்சின் பக்கம் திரும்பி, என்னால் முடியாது மேடம், எனக்குப் பயமாகவும் இருக்கிறது, அக்காவை அனுப்புங்கள் என்றாள். கோச் கதவைப் பார்த்து, "பேடைக் கட்டு" என்றார்.

இயக்குநர் கையை நீட்டித் தடுத்தார். சிவப்பு என்றார். கோச் கெஞ்சினார், பிறகு கத்தினார். இயக்குநர் குரலை உயர்த்தவில்லை. இன்று ஒருத்திக்காக விதியைத் தளர்த்தினால் நாளை எல்லாரும் ஓடாமலே தடுக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்றார். போட்டி அதிகாரி வந்து, இன்னும் சில நிமிடத்தில் கோல்கீப்பர் பெயர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டியில் தலைமை விருந்தினர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநருக்கும் வியர்த்தது. தோற்றுப்போகவும் அவருக்கு விருப்பமில்லை.

"நான் தடையா நிக்கல," என்றார் கடைசியில். "டெஸ்ட் எடுங்க. இப்பவே. பாஸானா போகட்டும்."

உடை மாற்றும் அறைகளுக்குப் பின்னால் நீளமான தாழ்வாரம் ஒன்று இருந்தது. ஒரு முனையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மறுமுனையில் தண்ணீர் கேன்கள். டிரெய்னர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இயக்குநர் டேப் பிடித்து அளக்கச் சொன்னார். தாழ்வாரம் ஒரு சாண் குறைந்தது. நாற்காலிகளை நகர்த்திச் சரிசெய்தார்கள். பேடைக் கழற்றிக் கட்ட நேரமில்லை என்பதால் கதவு இரண்டு காலிலும் பேடோடு, நெஞ்சுக் கவசத்தோடு கோட்டில் நின்றாள். பீப் என்றது. ஓடினாள்.

பேடு ஒன்றோடொன்று உரசிப் பட்டென்று அடித்துக்கொண்டே வந்தது. சிமென்ட் தரையில் திரும்பும்போது வழுக்கியது. வெளியே கூட்டம் ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்கியது காதில் விழுந்தது. அந்தத் தாளமும் பீப்பும் ஒத்துவரவில்லை. எதற்குக் கால் வைப்பது என்று தெரியாமல் ஒரு முறை தடுமாறினாள். இயக்குநர் நடுவில் சுவரோரம் நின்று, கோட்டைத் தொடு, கோட்டைத் தொடு என்று ஒவ்வொரு தடவையும் நினைவூட்டினார். போட்டி அதிகாரி தாழ்வாரத்து வாசலில் வந்து நின்றார். பெயர் என்ன என்று கேட்டார். கோச் யாரையும் பார்க்காமல் கதவின் பெயரைச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எழுதியாயிற்று. இனி மாற்ற முடியாது. கதவு போகாவிட்டால் கோலில் யாரும் இல்லை.

அவளோ இன்னும் தேற வேண்டிய அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கண் இருட்டியது. உதட்டில் உப்புக் கரித்தது. இன்னும் இரண்டு தடவை ஓடினால் விழுந்துவிடுவாள் என்று டிரெய்னருக்குத் தெரிந்தது. வெளியே ஒலிபெருக்கியில் இரண்டு அணிகளையும் அழைத்தார்கள்.

"முடிச்சிட்டுத்தான் போகணும்," என்றார் இயக்குநர்.

டிரெய்னர், ஜிம் திரையில் வருவதையே காட்டும் டேப்லெட்டை அவர் முன்னால் நீட்டினான். "சார், அக்கா படத்துக்குப் பக்கத்துல என்ன நிறம் இருக்குன்னு பாருங்க."

இயக்குநர் பார்த்தார். அங்கே விளக்கே இல்லை. சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"டெஸ்ட் நடக்கிறப்ப அப்படித்தான் சார் காட்டும். இப்ப அவங்க சிவப்பு இல்ல."

"பச்சையும் இல்லையே."

"பச்சையா இருந்தாத்தான் இறங்கணும்னு விதியில இல்ல சார். சிவப்பா இருந்தா இறங்கக்கூடாதுன்னுதான் இருக்கு. நீங்க எழுதினது."

தன் வாக்கியத்தை இன்னொருவர் வாயால் கேட்டதும் இயக்குநர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. கண்ணை மூடி அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கதவு தண்ணீர் கேன்மேல் கையூன்றி நின்றிருந்தாள்.

"அப்படின்னா டெஸ்ட் நடுவுல நிக்கக்கூடாது," என்றார்.

"நிக்காது சார். நான் கோலுக்குப் பின்னாடி ஸ்பீக்கரோட நிக்கிறேன். அவங்க ஆடிக்கிட்டே டெஸ்ட்ல இருப்பாங்க."

இயக்குநர் தலையசைத்தார். கோச் கதவின் முழங்கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கதவு கோலுக்கு முன்னால் நின்றபோது கால் இரண்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. மூச்சு இன்னும் அடங்கவில்லை. பின்னால் வலைக்கு அப்பால் டிரெய்னர் ஸ்பீக்கரைத் தரையில் வைத்தான். பீப் என்று ஒன்று கேட்டது. அம்பயர் திரும்பி முறைத்து, சத்தம் வந்தால் ஆளையே வெளியேற்றுவேன் என்றார். டிரெய்னர் குனிந்து ஒலியை முழுவதும் குறைத்தான். பெஞ்சில் இயக்குநர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் வருகிறதா என்று கோச்சிடம் கேட்டார்.

"ஏன், உங்களுக்குக் கேக்கலையா?" என்றார் கோச்.

இயக்குநர் ஒரு கணம் தயங்கினார். "கேக்காம என்ன? நல்லாவே கேக்குது."

முதல் ஆள் வந்தாள். கதவு முன்னேறிப் போக நினைத்தாள், கால் ஒத்துழைக்கவில்லை. பந்து அவள் இடப்பக்கம் உருண்டு உள்ளே போனது. தாழ்வாரத்தில் விட்ட மூச்சால் போன கோல் இது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நம் பக்கத்தில் முதலில் போன பெண் ஏற்கெனவே கோல் போட்டிருந்தாள். அடுத்தவள் தொடை பலத்தில் ஓங்கி அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து பார்வையாளர்கள் நடுவில் விழுந்தது. பிரமுகர் பெட்டியில் யாரோ அந்த வேகத்தைப் பாராட்டினார்கள்.

இரண்டாம் ஆளைக் கதவு காலால் தடுத்தாள். மூன்றாம் ஆள் கோல். நான்காம் ஆளுக்குள் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்திருந்தது. அவளை மூலைக்கு ஓட்டி, அடிக்க இடமே தராமல் நேரத்தைத் தின்றுவிட்டாள். நம் பெண்கள் மிச்சமிருந்த மூன்றில் இரண்டு போட்டார்கள். கடைசி ஆள் வந்தபோது நாம் ஒரு கோல் முன்னால். இதைத் தடுத்தால் முடிந்தது. போனால் மறுபடி முதலிலிருந்து. மறுபடி முதலிலிருந்து என்றால் தன் கால் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

வந்தவள் கெட்டிக்காரி. வேகமாக வந்து, வலப்பக்கம் இழுத்து, கதவு விழுவாள் என்று காத்திருந்தாள். கதவு விழவில்லை. மறுபடி இடப்பக்கம் இழுத்தாள். விழவில்லை. அவளோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தாள், அவசரமே இல்லாதவள் போல. வந்தவளின் கண் ஒரு நொடி கடிகாரத்துக்குப் போனது. அடுத்த நொடி பந்தைத் தூக்கி அடித்தாள். முகத்துக்கு நேரே வந்தது. கதவு தலையைத் திருப்பவில்லை. கையில் பட்டுக் கீழே விழுந்து, கோட்டை நோக்கி மெல்ல உருண்ட பந்தின்மேல் அப்படியே படுத்துக்கொண்டாள். நேரம் முடிந்த விசில் கேட்டது.

எல்லாரும் அவள்மேல் விழுந்தார்கள். கம்பி வேலியோரம் ஊன்றுகோலோடு நின்றிருந்த பம்பரம் அழுதுகொண்டே சிரித்தாள். கணவர் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். கதவுக்கு எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது.

நிருபர்களிடம் இயக்குநர்தான் பேசினார். "உடல்திறன் சோதனை நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு வீராங்கனை மேட்ச்சை ஜெயிச்சது உலகத்துலேயே இதுதான் முதல் தடவை. பந்தைத் தடுத்தது அவங்க கைதான், நான் மறுக்கல. ஆனா அந்தக் கையை அங்க போக விட்டது யாரு? அதை யோசிக்கணும்." ஒரு நிருபர் பம்பரத்தின் காலைப் பற்றிக் கேட்டார். எங்களுக்கு மிக அதிகமாகத் தகவல் தந்த வீராங்கனை அவர்தான், நாங்கள் நிறையக் கற்றுக்கொண்டோம் என்றார் இயக்குநர்.

பிறகு உடை மாற்றும் அறைக்கு வந்து, மிச்ச டெஸ்டை முடித்துவிடலாமே என்றார். கதவு பெஞ்சில் மல்லாந்து கிடந்தாள். டிரெய்னர் அவளைப் பார்த்தான், கோச்சைப் பார்த்தான். இந்த மாதிரி சோதனையை நடுவில் நிறுத்துவதும் தப்பு, அவசரமாக முடிப்பதும் தப்பு, அது பாட்டுக்கு நடக்கட்டும் சார் என்றான். எவ்வளவு காலம் நடக்கும் என்று இயக்குநர் கேட்டார். எவ்வளவு நீளமோ அவ்வளவு துல்லியம் என்றான். துல்லியம் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை திரையில் கதவின் படத்துக்குப் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த முயல், விரல்கட்டோடு டிரெய்னரிடம் போய், எனக்கும் ஒன்று ஆரம்பித்துவிடுங்கள் என்றாள். அடுத்து கேப்டன் போனாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். எல்லாரும் சோதனையில் இருந்ததால் யாருக்கும் எடை கூட்ட முடியவில்லை. வேண்டிய அளவு எடையை வேண்டிய நாளில் டிரெய்னரே தூக்கவைத்தான். மீதி நேரம் மைதானத்தில் உருண்டை எடைகள் ஓடின. அணியில் ஒருவர்கூடச் சிவப்பில் இல்லை, முழு அணியும் இடைவிடாத சோதனையில் இருக்கிறது என்று இயக்குநர் ஆண்டறிக்கையில் எழுதினார். நீச்சல்காரர்களுக்கும் அவரையே கொடுக்கலாமா என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது.

உலகப் போட்டிக்குப் புறப்படும் அன்று பஸ் ஜிம் வாசலில் நின்றது. எல்லாரும் ஏறியாயிற்று. பம்பரம் வழியனுப்ப வந்து, ஊன்றுகோலை ஒரு கையிலும் கதவின் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு படிக்கட்டோரம் நின்றாள். இனி ஓட முடியாது என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். இயக்குநர் கடைசி முறையாகத் திரையைப் பார்த்தார். எல்லாப் படத்துக்கும் வட்டம் சுற்றியது. பம்பரத்துக்கு மட்டும், விழுந்த அன்று காலை ஏறிய விளக்கு, அதன் பிறகு யாரும் அவளை எதிலும் சேர்க்காததால், அப்படியே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அவர் வெளியே வந்து அவளைப் பார்த்து நின்றார்.

"நீங்க ஏம்மா ஏறல? டீம்லேயே உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் பச்சை."

பம்பரம் கதவின் பையை மேலே கொடுத்தாள். கதவு ஜன்னல் வழியாக அவள் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள்.

"பெட்டி கட்ட மறந்துட்டேன் சார்," என்றாள் பம்பரம்.

"அடுத்த தடவை முன்னாடியே கட்டி வச்சிடுங்க," என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு அவர் தன் காரை நோக்கி நடந்தார்.